அதிகம் மாறுபவர் தாத்தாவே!

நடுவர் அவர்களே, காரைக்குடிப் பெரியோர்களே, ஆச்சிமார்களே, வணக்கம்.

முதல் பேரப்பிள்ளையால் அதிகம் மாறுபவர் பாட்டியா, தாத்தாவா? எதிரணித் தங்கை சொன்னார்: "சுமப்பவள் மகள், தாங்குபவள் பாட்டி, தாத்தா முகப்பில் பேப்பர் படிப்பவர்." சுமந்தது உண்மை, தாங்கியதும் உண்மை. ஆனால் தங்கச்சி, கேள்வி உழைப்பைப் பற்றியது இல்லையே!

1951இல் வந்த ஹாலிவுட் கறுப்பு வெள்ளைப் படம், 'ஃபாதர்ஸ் லிட்டில் டிவிடெண்ட்'. டிவிடெண்ட் என்றால் போட்ட முதலுக்கு வரும் லாபப் பங்கு என்று, கொண்டுவிற்று வியாபாரம் செய்த ஊரில் நான் விளக்க வேண்டியதில்லை. மகள் எலிசபெத் டெய்லர் முழுகாமல் இருப்பதாகச் சொல்கிறாள். அம்மா ஜோன் பென்னட்டுக்கு அந்த நொடியே ஆனந்தம். பாட்டியாகத் தயாராகவே இருந்தவர்! அப்பா ஸ்பென்சர் டிரேசிதான் இடிந்துபோகிறார். நமக்கு வயசாகிவிட்டதா என்கிற கலக்கம். பிள்ளையும் பிறக்கிறது. இவர் கிட்டே போனாலே வீறிட்டு அழுகிறது.

ஒருநாள் தள்ளுவண்டியில் வைத்துப் பூங்காவுக்குக் கொண்டுபோகிறார். அங்கே பையன்கள் பந்து விளையாட, இவரும் இறங்கிவிடுகிறார். கிழவனாக மாட்டேன் என்ற பிடிவாதத்தின் கடைசி ஆட்டம் அது. ஆட்டம் முடிந்து பார்த்தால் வண்டியைக் காணோம்! பெற்றவர்களே, அந்த மனுஷன் வயிறு என்ன பாடுபட்டிருக்கும்? போலீஸ் ஸ்டேஷனில் பிள்ளை பத்திரமாக இருக்கிறது. அன்றைக்குத்தான் இவரைப் பார்த்து அழாமல் சிரிக்கிறது. எந்தப் பாட்டியாவது பேரனிடம் வந்து சேர இவ்வளவு தூரம் நடந்தாரா?

பிள்ளைக்கு இவர் பெயரையே வைக்கிறார்கள். நம் பக்கத்தில் தலைப்பிள்ளைக்கு அப்பாவைப் பெற்ற ஐயா பெயர்தான். தாயைப் பெற்ற ஐயாவுக்கு அந்தப் பெயரும் இல்லை. அப்படியும் மாறுகிறாரே!

என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். என் வீட்டுக்காரர் முகப்பைத் தாண்டி உள்ளே வருவதே சாப்பாட்டுக்குத்தான். மூன்று பிள்ளை பெற்றேன். ஒன்றுக்கும் அவர் தொட்டில் ஆட்டியதில்லை. பேரன் பிறந்து கொஞ்ச நாளில், நடுராத்திரி தொட்டில் கம்பிச் சத்தம் கேட்டு எழுந்துபோனேன். இரண்டாங்கட்டில் இவர் ஒருத்தராக நின்று ஆட்டிக்கொண்டிருக்கிறார். என் ஆத்தா பாடின தாலாட்டு, பாதி வரி மறந்துபோய், மீதிக்கு இவரே சொல் போட்டுப் பாடுகிறார். நான் அன்றைக்கும் பழைய ஆள்தான், நடுவர் அவர்களே. பிள்ளை வளர்த்த கையாலேயே பேரனையும் எடுத்தேன். அவர்தான் சம்பந்தி ஐயா பெயரை வாய் நிறையச் சொல்லி, அந்தப் பிள்ளையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தார்.