யானை எங்க நிக்குதுன்னு தெரிஞ்சா போதும்

எல்லாருக்கும் வணக்கமுங்க. வானொலியில பேச வாங்கன்னு கூப்பிட்டப்போ காட்டையும் வனவிலங்கையும் ஊர் மக்களே சேர்ந்து காப்பாத்தறத பத்தி பேசுங்கன்னு சொன்னாங்க. நான் ஆராய்ச்சி பண்ணவ எல்லாம் கிடையாது, வால்பாறைல ஒரு எஸ்டேட் ஸ்கூல்ல சத்துணவு அமைப்பாளரா இருந்து ரிட்டயர் ஆனவ. எங்கம்மா கொழுந்து பறிச்சவங்க, நான் பொறந்தது வளந்தது எல்லாம் எஸ்டேட் ஆளுங்களுக்கு வரிசையா கட்டிக் குடுத்த லைன் வீட்லதான். அதனால எனக்குத் தெரிஞ்ச யானைய பத்தி மட்டும் பேசறேன்.

பொள்ளாச்சில இருந்து ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்திருப்பீங்க, பாதிப் பேரு வாந்தி எடுத்திருப்பீங்க. மேல வந்ததும் எங்க பாத்தாலும் பச்சைப் பசேல்னு டீ, ஆஹா எவ்ளோ அழகான காடுன்னு போட்டோ எடுத்துட்டு போவீங்க. அது காடு இல்லைங்க. காடா இருந்தத 100 வருஷத்துக்கும் முன்னாடி வெள்ளக்காரங்க காலத்துல வெட்டித்தான் டீயும் காபியும் போட்டாங்க. இப்ப சுமாரா 220 சதுர கிலோமீட்டர் எஸ்டேட்டு, அத சுத்தி ஆனைமலை புலிகள் காப்பகம், அந்தப் பக்கம் பரம்பிக்குளம், வாழச்சால்னு கேரளா காடு. நடுவுல நாங்க. டீ இலைய யானை திங்காது, ஆனா இந்தக் காட்ல இருந்து அந்தக் காட்டுக்குப் போகணும்னா எங்க டீக்காட்டு வழியாத்தான் போயாகணும், வேற வழியே கிடையாது. ஓடைக்கரை, சதுப்பு, விறகுக்கு வச்ச யூக்கலிப்டஸ் தோப்பு, இங்கெல்லாம் பகல்ல நின்னுட்டு இருட்டினதும் நடக்கும். பாட்டி யானைக்கு அவங்க பாட்டி காட்டின வழி, நாம நடுவுல லைன் வீடு கட்டிட்டோம்ங்கறதுக்காக மாத்திக்குமா?

சரி, அப்போ ஆளுங்க சாகறது எப்படி? இதத்தான் நான் எங்க போனாலும் சொல்றேன், என் பசங்களுக்கே சலிச்சுப் போச்சு. யானை வீடு தேடி வந்து ஆள அடிக்கறது ரொம்பக் கம்மிங்க. சாயங்காலம் கடைசி பஸ்ல டவுன்ல இருந்து ரேஷன், காய்கறி, பிள்ளைக்கு மாத்திரைன்னு வாங்கிட்டு ஒரு பொம்பள இறங்கும், மூடுபனி மூஞ்சியில அடிக்கும், தெருவிளக்கு எரியாது, பஸ் ஸ்டாப்ல இருந்து லைனுக்கு அரை கிலோமீட்டர் டீக்காட்டு நடுவுல நடக்கணும், திருப்பத்துல யானை நிக்கும். அதுக்கும் தெரியாது, இவளுக்கும் தெரியாது. கிட்டப் போயிட்டா அப்புறம் என்ன பண்ண முடியும்? மைசூர்ல இருக்கற நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன்காரங்க 2002ல இருந்து எங்க ஊர்ல யானை பின்னாடி நடந்தவங்க, அவங்க ஒவ்வொரு சாவையும் எடுத்து எந்த நேரம், எந்த இடம்னு பாத்தப்போ அவங்களுக்கும் இதேதான் கிடைச்சது. யானை பக்கத்துல இருக்குங்கறது தெரியாமப் போனவங்கதான் பெரும்பாலும். ரோடு, சாயங்காலம், தெரியாமப் போனது. திரும்பச் சொல்றேன், தெரியாமப் போனது.

இதுல என் சத்துணவுக் கூடத்து கதைய சொல்லலேன்னா எனக்குத் தூக்கம் வராது, கொஞ்சம் பொறுத்துக்கோங்க. எங்க கூடம் ஸ்கூலுக்குப் பின்னாடி, ஓடைய பாத்தாப்ல. மாச ஆரம்பத்துல அரிசி மூட்டை வந்து இறங்கும். யானைக்கு அந்த வாசனை எத்தனை தூரத்துல இருந்து தெரியும்னு எனக்குத் தெரியாது, ஆனா அரிசி வந்த அன்னிக்கோ மறுநாளோ அதுங்க வந்திரும். ஒரு நாள் காலைல போய்ப் பாத்தா பின் சுவரு மொத்தமா உள்ள சாஞ்சு கெடக்கு. மூட்டைய ஓட்டை வழியா வெளிய இழுத்திருக்கு, சாக்கு கிழிஞ்சு அரிசி டீச்செடிக்கு நடுவுல ஓடை வரைக்கும் கோடு போட்ட மாதிரி சிந்திருக்கு. உப்புப் பை காணோம், பருப்பு டின் நசுங்கி, அரிசி அளக்கற படி தகடா மிதிபட்டு கெடக்கு. ஆனா அலமாரி மேல அட்டையில வச்ச முட்டை ஒண்ணு கூட உடையல! பிள்ளைங்க அந்த முட்டைய பாக்கறதுக்கே கூட்டம் கூடிருச்சுங்க, அன்னிக்கு யாருக்கும் பாடம் நடக்கல. வயசான ஒரு ஆயா வந்து கெடந்த அரிசிக்குக் கற்பூரம் கொளுத்திட்டு, சாமி வந்து சாப்ட்டுப் போயிருக்கு, திட்டாதீங்கன்னுச்சு. சாமி சாப்ட்டுச்சு சரி, மேலதிகாரிங்களுக்கு எழுதற ரிப்போர்ட்ல சாமின்னா எழுத முடியும்?

அப்புறம் என்ன பண்ணாங்க, இரும்புக் கதவு போட்டாங்க. யானைக்கு எதுக்குக் கதவு? அது அடுத்த வாட்டி பக்கத்து சுவர உடைச்சது. சுவர இன்னும் கனமா கட்டலாமான்னு ஒரு கூட்டம் போட்டு பேசுனாங்க. நான் சொன்னேன், ராத்திரில அரிசியே அங்க இல்லேன்னா? எஸ்டேட் பேக்டரி பக்கத்துல ஆள் நடமாட்டம் இருக்கற இடத்துல ஒரு ரூம் கேட்டு வாங்கி, அன்னன்னிக்கு வேணுங்கறத மட்டும் காலைல கொண்டு வந்தோம். சுமக்கறது சிரமம்தான், மழைக்காலத்துல அழுகையே வரும். ஆனா அதுக்கப்புறம் சுவரு நின்னுச்சு. யானை வரத்தான் செஞ்சது, மோந்து பாத்துட்டு அது வழிய பாத்துப் போயிருச்சு.

சரி, விஷயத்துக்கு வரேன். யானை இருக்கற இடத்த மொதல்ல கேபிள் டிவில ஓட விட்டாங்க. சீரியல் பாத்துட்டு இருக்கும்போதே கீழ எழுத்து ஓடும், இன்ன எஸ்டேட்ல இன்ன இடத்துல யானை நிக்குதுன்னு. எங்க லைன்ல நாடகத்த விட்டுட்டு கீழ ஓடறதையே எல்லாரும் படிப்பாங்க. 2011 வாக்குல இருந்து போனுக்கே மெசேஜ், படிக்கத் தெரியாதவங்களுக்குத் தமிழ்ல பேசற கால். அப்புறம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச சிவப்பு லைட். மேடான இடத்துல கம்பம் நட்டு மேல சிவப்பு லைட் வச்சிருப்பாங்க, அதுக்குள்ள ஒரு சிம் இருக்கும். யானை பக்கத்துல இருந்தா அந்த நம்பருக்கு ஒரு மிஸ்டு கால், லைட் மின்ன ஆரம்பிச்சிரும். பஸ்ல இருந்து இறங்கும்போதே தெரியும், ஓகோ இன்னிக்கு இங்க நிக்குது, நாலு பேர் சேர்ந்து போவோம், இல்ல யாராவது ஜீப்ல வரட்டும்னு நின்னுக்கலாம்.

ஆரம்பத்துல அந்த ஃபவுண்டேஷன் ஆளுங்களும் வனத்துறையும்தான் லைட் போடுவாங்க. போகப் போக நம்பர எங்க ஆளுங்க கைலயே குடுத்துட்டாங்க, மேஸ்திரி, டிரைவர், கடைக்காரர், என்ன மாதிரி ஆளுங்க. அங்கதான் விஷயமே இருக்குன்னு நான் நினைக்கறேன். வெளிய இருந்து யாரோ வந்து யானைய காப்பாத்துங்கன்னு சொன்னா எங்க ஆளுங்க ஏன் எங்கள யாரு காப்பாத்தறதுன்னுதான் கேப்பாங்க, நியாயந்தானே. ஆனா யானை நிக்கறத பாத்தவன் லைட்ட போட்டா பக்கத்து வீட்டு அக்கா உயிரோட வீடு வந்து சேரும்னா, அத யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. முன்னாடி வருஷத்துக்கு சராசரியா மூணு உயிர் போய்ட்டிருந்தது, இது வந்தப்புறம் ஒண்ணுன்னு குறைஞ்சது. இந்த வேலைய எடுத்து நடத்தின ஆனந்த குமாருக்கு 2015ல இங்கிலாந்துல விட்லி விருதுன்னு வனவிலங்கு பாதுகாப்புக்குக் குடுக்கற விருத குடுத்தாங்க. பேப்பர்ல வந்தப்போ எங்க லைன்ல எல்லாரும் நம்ம லைட்டுக்கு அவார்டுன்னுதான் சொன்னாங்க.

இன்னொண்ணு, பட்டாசு போட்டு விரட்டறது. இத கேட்டாலே எனக்கு ஆத்திரம் வரும். கூட்டமா குட்டியோட ஓரமா நிக்கற யானைய வெடி போட்டு, கத்தி, கல்ல வீசி விரட்டினா கூட்டம் சிதறும், பாதி பக்கத்து எஸ்டேட்டுக்கு ஓடும், அங்க இருக்கறவங்களுக்கு அது வர்றது தெரியாது, நாம அங்க லைட் போடறதுக்குள்ள அது ரோட்டுக்கு வந்திருக்கும். இவங்க வீரமா விரட்டிட்டு வீட்டுக்குப் போயிருவாங்க, அடி வாங்கறது அடுத்த எஸ்டேட்காரன். நிக்க விடுங்க, ராத்திரி தானா நடந்திரும்.

புதுத்தோட்டத்து சிங்கவால் குரங்குங்கள பத்தி, அதுங்க ரோட்ட தாண்டறப்போ கார்க்காரங்கள நிறுத்தறதுக்குன்னே எங்க ஊர் ஆளுங்க நிக்கறத பத்தி நிறைய வச்சிருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டறாங்க, டைம் ஆச்சாம். ஒண்ணே ஒண்ணு வேகமா சொல்லிடறேன், வாழச்சால் பக்கம் காடர்னு பழங்குடி மக்கள், முன்னாடி மரப்பொந்துல இருந்து இருவாச்சிப் பறவையோட குஞ்ச எடுத்தவங்க, இப்ப அதே கூட்ட வருஷா வருஷம் அவங்கதான் காவல் காக்கறாங்க, எந்த மரத்துல எந்தப் பொந்துன்னு அவங்கள விட யாருக்குத் தெரியும், 2014ல அங்க அவங்களுக்கு வன உரிமையும் கிடைச்சது, அத தனியா ஒரு நாள் பேசணும்.

லீவுக்கு மேல வர்றவங்க சாயங்காலத்துக்கு மேல ரோட்ல நிக்காதீங்க, சிவப்பு லைட் மின்னினா அது டெக்கரேஷன் இல்ல, வண்டிய விட்டு இறங்கி செல்ஃபி எடுக்காதீங்க, பக்கத்து டீக்கடைல கேளுங்க, எங்க நிக்குதுன்னு கரெக்டா சொல்லுவாங்க. வணக்கமுங்க.