ஃபிலிப் நோலன் என்று ஒருவர் உண்மையில் இருந்தாரா?

அடுத்த கேள்வி. "எட்வர்ட் எவரெட் ஹேல் எழுதிய 'தி மேன் வித்அவுட் எ கன்ட்ரி' நிஜமாக நடந்த கதையா?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

கற்பனைக் கதைதான். ஆனால் 1863 டிசம்பரில், ஆசிரியர் பெயர் போடாமல் அமெரிக்காவின் அட்லாண்டிக் இதழில் வந்தபோதே நிறையப் பேர் அதை நிஜம் என்று நம்பிவிட்டார்கள். நம்புகிற மாதிரித்தான் ஹேலும் எழுதியிருந்தார். கதாநாயகன் ஃபிலிப் நோலன் கப்பலில் இறந்துபோனார் என்ற பத்திரிகை அறிவிப்போடு கதை ஆரம்பிக்கும். நாள், கடலில் எந்த இடம், எல்லாம் இருக்கும். ஆனால் கப்பலின் பெயர் லெவான்ட். அந்தப் போர்க்கப்பல் அதற்கு மூன்று வருடம் முன்பே, 1860-லேயே, கடலில் காணாமல் போய்விட்டது! விஷயம் தெரிந்தவர்களுக்கு மட்டும் பிடிபடட்டும் என்று வேண்டுமென்றே வைத்த குறிப்பு.

ஹேல் தொழிலால் போதகர். 1822-ல் பாஸ்டனில் பிறந்து, அதே ஊரில் யூனிடேரியன் என்ற கிறிஸ்தவப் பிரிவின் ஒரே சபையில் நாற்பது வருடத்துக்கு மேல் ஊழியம் செய்தவர். கதை வந்தது அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த சமயம். நாட்டுப்பற்றைப் பற்றி மேடையில் பிரசங்கம் செய்வதைவிட இந்தக் கதைதான் அதிகம் வேலை செய்தது என்பது என் கருத்து.

நோலன் ஒரு ராணுவ அதிகாரி. விசாரணையில் ஆத்திரப்பட்டு, அமெரிக்காவின் பெயரையே இனிக் கேட்கக்கூடாது என்று சபித்துவிடுகிறார். சரி, அப்படியே ஆகட்டும் என்று அதையே தண்டனையாக்கிவிடுகிறார்கள். அப்புறம் ஐம்பது வருடத்துக்கு மேல் கப்பல் விட்டுக் கப்பல். சீருடை உண்டு, ஆனால் பித்தானில் நாட்டுச் சின்னம் கிடையாது. அவர் கைக்கு வரும் செய்தித்தாளில் அமெரிக்கா என்று எங்கே வந்தாலும் கத்தரித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். சாகும்போது பார்த்தால், கட்டிலுக்கு எதிரே நினைவிலிருந்தே வரைந்த நாட்டுப் படம். பெரும்பாலும் பழைய பெயர்கள்தான் அதில். கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

நோலன் என்ற பெயர் மட்டும் நிஜம். டெக்சாஸில் குதிரை வியாபாரம் செய்து, 1801-ல் ஸ்பானியப் படையிடம் உயிர்விட்ட ஒரு ஃபிலிப் நோலன் இருந்தார். அவருடைய முதல் பெயர் ஸ்டீபன் என்ற நினைப்பில்தான் ஹேல் தன் ஆளுக்கு ஃபிலிப் என்று வைத்தாராம். பிறகு நிஜ நோலனை வைத்தே 'ஃபிலிப் நோலன்ஸ் ஃபிரெண்ட்ஸ்' என்று ஒரு நாவலும் எழுதினார். அது கொஞ்சம் இழுவை. முதலில் சிறுகதையைப் படியுங்கள்.