இண்டை: கைவிட்டுப் போன 'நம்ம தொகுதி'

நண்பர்களே, வணக்கம். ஆஸ்திரேலியத் தேர்தல் என்றதும் சிட்னி, மெல்பர்ன்தான் நினைவுக்கு வரும். நான் பேச வந்தது விக்டோரியாவின் வடகிழக்கில், மரே ஆற்றை ஒட்டிய இண்டை என்ற கிராமப்புறத் தொகுதியைப் பற்றி. வொடோங்கா, வங்கரட்டா, பீச்வொர்த் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

1901-இல் நடந்த முதல் நாடாளுமன்றத் தேர்தலிலிருந்தே இருக்கும் தொகுதி இது. முதல் உறுப்பினர் ஐசக் ஐசக்ஸ், ஒரு தையல்காரரின் மகன். பின்னாளில் தலைமை நீதிபதியாகி, 1931-இல் ஆஸ்திரேலியாவில் பிறந்த முதல் கவர்னர் ஜெனரலும் ஆனார்.

1928-இல் நடந்ததைக் கேளுங்கள். 1919 முதல் இங்கே உறுப்பினராக இருந்தவர் நாட்டுக் கட்சியின் ராபர்ட் குக். அந்த முறை அவரது வேட்புமனு உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. தொழிற்கட்சியின் பால் ஜோன்ஸ் போட்டியே இல்லாமல் நாடாளுமன்றம் போனார்! ஒரு தொகுதி மக்களின் வாக்குரிமையே அந்த முறை பயனில்லாமல் போனது என்பதுதான் எனக்கு இதில் பெரிய வருத்தம்.

அப்புறம் 1931-இலிருந்து எண்பது ஆண்டுகளுக்கு மேல் தொழிற்கட்சியை எதிர்த்த கட்சிகளின் கையிலேயே இண்டை இருந்தது. பிறகு சில வாரங்கள் பிரதமராக இருந்த ஜான் மெக்ஈவனும் 1937 முதல் 1949 வரை இதன் உறுப்பினர். எப்படியும் ஜெயிக்கிற தொகுதிக்கு எந்தக் கட்சிதான் மெனக்கெடும்? 2012-இல் உள்ளூர்க்காரர்கள் சிலர் சேர்ந்து 'வாய்சஸ் ஃபார் இண்டை' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். வீட்டுச் சமையலறை மேசையைச் சுற்றிப் பத்துப் பேர் உட்காருவார்கள். உனக்கு என்ன வேண்டும், இந்த ஊருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். செல்போன் சிக்னல், ரயில் என்று எல்லாம் பேச்சில் வந்தது. அந்தக் குழுவிலிருந்து கேத்தி மெக்கோவன் 2013-இல் சுயேச்சையாக நின்றார்.

முதல் விருப்ப வாக்குகளில் லிபரல் கட்சியின் சோஃபி மிரபெல்லாதான் முன்னணியில் இருந்தார். ஆனால் அங்கே வாக்காளர் எல்லா வேட்பாளர்களையும் வரிசைப்படுத்த வேண்டும். தோற்றவர்களின் வாக்குகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும். அப்படிப் போய்ச் சேர்ந்தபோது மெக்கோவன் 439 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அதே தேர்தலில் லிபரல் கூட்டணி நாட்டின் ஆட்சியைப் பிடித்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

2019-இல் அவர் விலகியபோது, செவிலியராக இருந்த ஹெலன் ஹெயின்ஸ் அதே இடத்தில் சுயேச்சையாகவே வென்றார். ஊழல் தடுப்பு ஆணையம் வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் விடாமல் குரல் கொடுத்தவர் அவர். 2022-இல் சிட்னியிலும் மெல்பர்னிலும் சுயேச்சைகள் பலர் லிபரல் கட்சியின் தொகுதிகளைப் பறித்தார்கள். அவர்களும் அந்தச் சமையலறை மேசை வழியைத்தான் பின்பற்றினார்கள்.