மண் எடுத்த பள்ளத்தில் ஒரு சுவர்

அவையிலுள்ள பெரியவர்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நம் கடலூரில் வீடு கட்ட இறங்கியதும் முதல் பேச்சு, "மனையை மேடாக்க எத்தனை லோடு கிராவல் ஆகும்?" என்பதுதான். கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண் அது. புவியியலார் அந்தப் பாறையடுக்குக்கு நம் ஊர்ப் பெயரையே வைத்திருக்கிறார்கள்: கடலூர் மணற்கல். மழை இறங்கி நம் போர் கிணறுகளுக்குப் போகிற வழியும் அதுதான்.

பொக்லைன் முதலில் வழிப்பது மேல்மண்ணை. ஒரு சாண் கனம் இருந்தாலே அதிகம். விதை, வேர், பூஞ்சை, மண்புழு எல்லாம் அதற்குள்தான் கிடக்கின்றன. அதையும் சேர்த்து டிப்பரில் ஏற்றிவிட்டால் மிஞ்சுவது கெட்டித் தரை. மழை இறங்காமல் வழிந்தோடும். அங்கே விராலியும் ஆவாரையும் தலைகாட்டவே காலம் பிடிக்கும். கெடில ஆற்றங்கரையில் திருமாணிக்குழிக் கோயில்காட்டில் நிற்கிற வீரை, காயா போன்ற மரங்கள் லேசில் வராது. அவற்றின் கன்றுக்கு நிழல் வேண்டும், பழம் தின்று விதை போடும் சின்னான் குருவி உட்கார ஒரு கிளை வேண்டும்.

ஆனாலும் குவாரி ஓய்ந்ததும் உயிர்கள் வந்துவிடுகின்றன. பள்ளத்து மழைத்தண்ணீரில் முக்குளிப்பான் பறவை, தண்ணீருக்கு மேலே தட்டான். செங்குத்தாக வெட்டிய மண்சுவரில் பஞ்சுருட்டான் குருவி கை எட்டாத ஆழத்துக்கு வளை குடையும்; மீன்கொத்தியும் அப்படித்தான். பங்குனியிலிருந்து ஆனி வரை அதற்குள் முட்டையும் குஞ்சும் இருக்கும். சொல்லும்போதே நெஞ்சு கனக்கிறது. அந்த மாதங்களில்தான், மழைக்கு முன்னே முடிக்க வேண்டும் என்று, பள்ளத்தை நிரவி மனை பிரிக்க வண்டி வருகிறது.

"மரம் நட்டுவிட்டோமே" என்பார்கள் குவாரிக்காரர்கள். தைலமரத்தை வரிசையாக நட்டால் தூரத்துக்குப் பச்சை தெரியும், அவ்வளவுதான். புதுச்சேரிப் பக்கம் ஆரோவில்லைப் பாருங்கள். 1968-இல் அது மழை அரித்த செம்மண் பொட்டல். கரை போட்டுத் தண்ணீரை நிறுத்தினார்கள். வேகமாக வளரும் ஆஸ்திரேலிய அகேசியாவை நட்டு நிழல் உண்டாக்கி, அந்த நிழலில் நம் மண்ணின் மரங்களைக் கொண்டுவந்தார்கள். ஒரு தலைமுறைக்கு மேல் ஆன வேலை அது.

2012-இல் உச்ச நீதிமன்றம், 5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்றது. ஆகவே கிராம சபையில் எழுந்து கேளுங்கள். மேல்மண்ணைத் தனியே குவித்து வைத்திருக்கிறார்களா? நிரவுவதை ஆடிக்குத் தள்ளலாமா? ஒரு பக்கச் சுவரையும், தண்ணீர் நிற்கும் ஒரு மூலையையும் அப்படியே விடச் சொல்லுங்கள். சுவரோரம் சரியும், பிள்ளைகள் அண்டாமல் வேலி வேண்டும். அந்தச் செலவையும் குவாரியை மூடும் திட்டத்திலேயே எழுதி வாங்குங்கள்.