திருநெல்வேலிக்கே அல்வாவா? இந்தியாவில் 'கறி' விற்க வந்த ஜப்பான் கடை

வணக்கம்! குழம்புச் சோறு விற்க ஒரு ஜப்பான் நிறுவனம் இந்தியாவுக்கே வந்தது. திருநெல்வேலிக்கே அல்வாவா என்று கேட்கத் தோன்றும். ஆனால் 2020-இல் குருகிராமில் கடையைத் திறந்தேவிட்டார்கள். பெயர் கோகோ இச்சிபான்யா. கூட்டாளி மிட்சுயி என்ற ஜப்பானிய வணிக நிறுவனம்.

பழைய கதையைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். நம் 'கறி' ஆங்கிலத்தில் 'கரி' ஆகி, பிரிட்டிஷ்காரர்கள் வழியாக மெய்ஜி காலத்தில், அதாவது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஜப்பான் போய் 'கரே' ஆனது. இன்றும் ஜப்பான் கடற்படையில் வெள்ளிக்கிழமை என்றால் கரேதான். நகோயா பக்கம் காபிக் கடை நடத்திய ஒரு தம்பதி, தங்கள் வீட்டுக் கரேக்கு ஆள் கூடுவதைப் பார்த்து 1978-இல் அதற்கென்றே தனிக்கடை போட்டார்கள். அதுதான் இச்சிபான்யா.

(திரையில்: ஒரு தட்டு, மிக அருகில்)

சரி, இந்தத் தட்டைப் பாருங்கள். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது! ஒரு பாதி ஒட்டும் வெள்ளைச் சோறு. மறு பாதி பழுப்பு நிறக் கெட்டிக் குழம்பு. நம்மைப்போல் தேங்காய் அரைத்து விடுவதில்லை. கொழுப்பில் வறுத்த மாவுதான் அந்தக் கெட்டியைத் தருகிறது. பிசைவதும் கிடையாது, ஸ்பூன்தான். மேலே ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த இறைச்சித் துண்டுகள். தொட்டுக்கொள்ள ஊறுகாய்கூட உண்டு, பெயர் ஃபுகுஜின்சுகே. முள்ளங்கி, கத்தரிக்காய், தாமரைக்கிழங்கு எல்லாம் சோயா சாஸில் ஊறி, இனிப்பாக, நறுக் நறுக்கென்று இருக்கும்.

காரத்துக்கு எண் சொல்ல வேண்டும். ஜப்பானில் 5-ஆம் எண்ணைச் சாப்பிட்டவர்கள்தான் அதற்கு மேல் கேட்கலாம்! சோற்றின் அளவு உங்கள் இஷ்டம், மேலே என்ன வைப்பது என்பதும் உங்கள் இஷ்டம். இந்தக் கடை கடல் தாண்டியதற்கு இதுதான் பெரிய காரணம் என்பேன். ஊருக்கு ஊர் ருசியைத் தேடி அவர்கள் அலைய வேண்டாம். வருகிறவரே தன் நாக்குக்கு ஏற்றபடி கேட்டுக்கொள்வார்.

அப்படியே 1994-இல் ஹவாய், 2004-இல் ஷாங்காய், 2018-இல் லண்டன்.

இந்தியாவில் மட்டும் இது போதவில்லை. ஜப்பானில் அந்தக் குழம்பின் அடிப்படையே பன்றி இறைச்சிதான். இங்கே பன்றியும் கிடையாது, மாடும் கிடையாது. தட்டின் மேலே இருப்பதை மாற்றினால் போதுமா? குழம்பையே மாற்ற வேண்டும். மாற்றினார்கள், சைவத்துக்கும் வழி செய்தார்கள். பெயர் வாங்கிக் கொடுத்த குழம்பில் கைவைக்க எந்தக் கடைக்காரருக்கும் மனசு வராது. அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன்.

நீங்கள் போனால் எந்த எண் கேட்பீர்கள்? கமெண்டில் போடுங்கள். ஏற்கெனவே சாப்பிட்டவர்கள், அந்தச் சைவக் குழம்பு எப்படி இருந்தது என்று கட்டாயம் எழுதுங்கள்.