படுத்திருக்கும் காலுக்குக் கரண்ட் கொடுத்தால் போதுமா?

[காட்சி: இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலை மலை. கொழுந்துக் கூடையோடு ஓர் அம்மா சரிவில் இறங்குகிறார். கமரா அவருடைய முழங்காலுக்கு மேலே நிற்கிறது.]

வணக்கம். படுக்கையில் கிடப்பவரின் தசை கரையாமல் இருக்கத் தொடைக்குக் கரண்ட் கொடுக்கும் மெஷின் ஒன்று இருக்கிறது. அது மட்டும் போதுமா என்று இன்று பார்ப்போம். முதலில் இந்த அம்மாவின் தொடையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். மலை ஏறுவதுதான் கஷ்டம் என்று நாமெல்லாம் சொல்வோம். ஆனால் தொடையின் முன்பக்கத் தசைக்குப் பெரிய சோதனை இறங்கும்போதுதான். அடிக்கு அடி முழங்கால் மடங்கும். உடம்புப் பாரம், கொழுந்துப் பாரம் இரண்டையும் பிடித்துக்கொண்டே அந்தத் தசை மெதுவாக நீள வேண்டும். பிடி கொஞ்சம் தளர்ந்தாலும் ஆள் விழுந்துவிடுவார்.

மழை நாளில் இவர் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முழங்காலுக்குக் கீழே பிளாஸ்டர். லயத்துக் காம்பராவில் வாரக்கணக்கில் படுக்கை. வெளியே போக வேண்டுமென்றால் இஸ்தோப்பை, அதாவது வாசல் திண்ணையைத் தாண்டிப் படி இறங்க வேண்டும். "நீங்க அசையாதீங்கம்மா, எல்லாம் நாங்க பார்த்துக்கிறோம்" என்று பிள்ளைகள் பாசத்தோடு சொல்லிவிடுவார்கள். முறிந்தது கணுக்கால்தான், ஆனால் கரையத் தொடங்குவது தொடை.

எவ்வளவு வேகமாகக் கரையும்? 2014இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில் 24 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஒரு காலை மட்டும் 5 நாள் மடக்க முடியாமல் கட்டி வைத்தார்கள். அவர்களில் வெறுமனே கட்டி வைத்த பாதிப் பேருக்கு அந்த 5 நாளிலேயே தொடைத் தசையின் பருமன் சுமார் 3.5 சதவீதம் குறைந்துவிட்டது. வயதானவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். நோயில்லாத முதியவர்களை 10 நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வில், கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போயிருந்தது. வேலை இல்லாத தசைக்கு உடம்பு புதுப் புரதம் கட்டுவதைக் குறைத்துக்கொள்ளும். அதுதான் முக்கியக் காரணம்.

[காட்சி: தொடையில் இரண்டு ஒட்டுப் பட்டைகள். வயர் ஒரு சிறிய பெட்டிக்குப் போகிறது.]

இப்போது மெஷினுக்கு வருவோம். 1791இல் இத்தாலியின் லூயிஜி கல்வானி, மின்சாரம் பட்டால் செத்த தவளையின் காலும் துடிக்கும் என்று எழுதி வைத்தார். இந்தப் பெட்டி செய்வதும் கிட்டத்தட்ட அதேதான். ஒரு பட்டையைத் தொடையின் மேல் வெளிப்பக்கமும் மற்றதை முழங்கால் சில்லுக்குச் சற்று மேலே உள்பக்கமும் ஒட்டுகிறோம். செக்கனுக்கு 30 முதல் 50 தடவை கரண்ட் போகும். ஒரு செக்கனை 10,000 பங்காக்கினால், ஒவ்வொரு தடவையும் அதில் மூன்று நான்கு பங்கு நேரம்தான் இருக்கும். அந்தக் கரண்ட் தொடுவது நரம்பை. நரம்புதான் தசையைச் சுருக்குகிறது.

முதலில் தோலில் குறுகுறுப்பு மட்டும் தெரியும். கொஞ்சம் கூட்டினால் தொடை தன்பாட்டில் இறுகும். கையை வைத்துப் பார்த்தால் கல்லாக இருக்கும். முழங்கால் சில்லு மேல்நோக்கி நகர்வது கண்ணுக்கே தெரியும். சில செக்கன் இறுக்கம், அதைவிடக் கூடுதலான நேரம் ஓய்வு, திரும்பவும் இறுக்கம். இப்படிச் சில்லு நகரும் அளவுக்கு இறுகாவிட்டால் தசைக்குப் பெரிதாக ஒன்றும் நடக்காது. வலிக்கு வைக்கிற டென்ஸ் மெஷினும் இதுவும் ஒன்றென்று பலர் நினைக்கிறார்கள். டென்ஸ் குறிவைப்பது வலியை. தசையை இறுக்குவது அதன் வேலை இல்லை. வாங்குகிறவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள்.

சரி, பலன் உண்டா? அதே நெதர்லாந்து ஆய்வில் மற்றப் பாதிப் பேருக்குக் கட்டிய காலில் தினமும் இரண்டு வேளை இந்தக் கரண்ட் கொடுத்தார்கள். அவர்களுடைய தசை கரையவில்லை. 5 நாளும் பருமன் அப்படியே இருந்தது. மயக்கத்தில் படுத்திருக்கும் தீவிர சிகிச்சை நோயாளிகளிடமும் தசை நார்கள் மெலியாமல் இது காத்ததைப் பார்த்திருக்கிறார்கள். சும்மா படுத்திருக்கிற ஒருவருக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் இந்த வீடியோவே அடுத்த வரிக்காகத்தான். அந்த நெதர்லாந்து ஆய்வில் தசையின் பலம் இரண்டு குழுவினருக்கும் குறைந்தது. கரண்ட் கொடுக்காதவர்களுக்குச் சுமார் 9 சதவீதம், கொடுத்தவர்களுக்குச் சுமார் 7 சதவீதம். அளவு மிஞ்சியது, பலம் மிஞ்சவில்லை.

ஏன்? நாமாகக் காலைத் தூக்கும்போது மூளை முதலில் சின்ன நார்க்கூட்டங்களை எழுப்பும். பாரம் கூடக் கூடத்தான் பெரியவற்றைச் சேர்க்கும். ஒன்று களைத்தால் இன்னொன்றை மாற்றிப் போடும். மெஷினுக்கு அது தெரியாது. பட்டைக்குக் கீழே, தோலுக்குக் கிட்டே இருக்கிற அதே நார்களைத்தான் ஒவ்வொரு தடவையும் ஒரேயடியாக இழுக்கும். அதனால் சீக்கிரம் களைப்பு வரும், ஆழத்தில் உள்ள நார்கள் பெரும்பாலும் சும்மா கிடக்கும். மூளையிலிருந்து கட்டளை வரும் பாதைக்கும் பயிற்சி இல்லை. ஈரப் பாதையில் ஒரு காலில் பாரத்தைத் தாங்கி இறங்கும் வித்தையைப் படுத்திருக்கிற தொடைக்கு எந்தப் பட்டையும் சொல்லிக்கொடுக்காது. சமதரையான ஊரில் இருப்பவர் இதைப் பொருட்படுத்தாமல் விடலாம். வீட்டு வாசலிலேயே சரிவு இருக்கிற நம்மால் விட முடியாது.

அதனால் என் கருத்து இதுதான். தானாகத் தொடையை இறுக்க முடியாதவருக்கு இந்த மெஷின் நல்ல துணை. முழங்கால் ஒப்பரேஷன் செய்தவர்களுக்குத் தசை "செத்துப்போன" மாதிரி கட்டளைக்குப் பணியாத நாட்கள் வரும். அங்கேதான் இதற்கு அதிக மதிப்பு. நம் அம்மாவுக்கோ தொடை பிளாஸ்டருக்கு வெளியேதான் இருக்கிறது, அவரால் இறுக்கவும் முடியும். முழங்காலைப் படுக்கையில் அழுத்தி, சில்லை மேலே இழுத்து, 5 செக்கன் பிடித்து விடச் சொல்லுங்கள். டொக்டர் அனுமதித்தால் காலை நீட்டியபடி தூக்கச் சொல்லுங்கள். பகல் முழுக்க அவ்வப்போது செய்யட்டும். காசு செலவில்லை, மூளையும் சேர்ந்து வேலை செய்யும். நடக்க முடிந்தவர் கதிரையில் இருந்துகொண்டு தொப்பை குறைக்கக் கரண்ட் கொடுக்கும் இடுப்புப் பட்டி வாங்குவதற்கு நான் ஒருபோதும் ஆமாம் சொல்ல மாட்டேன். அப்படிப்பட்ட பட்டிகளைப் பொய் விளம்பரத்தோடு விற்ற கம்பனிகள் மேல் 2002இலேயே அமெரிக்க அரசு வழக்குப் போட்டது.

[திரையில் பெரிய எழுத்தில்: யார் தொடக் கூடாது]

இதை இரண்டு தடவை கேளுங்கள். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பாவிக்கவே கூடாது. கர்ப்பிணிகளும் வலிப்பு உள்ளவர்களும் டொக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. கழுத்தின் முன்பக்கம், நெஞ்சு, காயம், புற்றுநோய் உள்ள இடம் எதிலும் பட்டை ஒட்டாதீர்கள். சீனி வருத்தத்தால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குத் தோல் சுட்டாலும் தெரியாது. படுத்திருப்பவரின் கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அது இரத்தக் கட்டியாக இருக்கலாம். பட்டையை எடுத்து வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முதல் நாளே கூட்டி வைத்து உடம்பு முழுக்கக் கரண்ட் கொடுத்தவர்களுக்குத் தசை சிதைந்து சிறுநீரகம் வரை பாதிப்புப் போனதுண்டு. சிறுநீர் சாயத்தண்ணி (பால் விடாத தேநீர்) நிறத்தில் வந்தால் காத்திருக்க வேண்டாம்.

சாப்பாட்டையும் விட்டுவிடக் கூடாது. படுத்திருப்பவருக்கு ரொட்டியும் சம்பலும் மட்டும் போதாது. முட்டை, பருப்பு, கடலை, கருவாடு என்று எது கிடைக்கிறதோ அதை ஒவ்வொரு வேளையிலும் சேருங்கள்.

[காட்சி: லயத்துப் படிக்கட்டு. கையில் ஊன்றுகோலுடன் ஒருவர்.]

பிளாஸ்டர் கழற்றியதும் கிளினிக்கில் பிசியோதெரபிஸ்டைப் பார்க்காமல் வீட்டுக்கு வராதீர்கள். காலில் எவ்வளவு பாரம் வைக்கலாம், எப்போது படி இறங்கலாம் என்று கேளுங்கள். அவர் சரி சொன்ன பிறகு, ஊன்றுகோலை நல்ல காலின் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது கோலும் நொந்த காலும் முதலில், நல்ல கால் பிறகு. முதல் சில நாள் கீழ்ப் படியில் ஒருவர் முன்னால் நிற்கட்டும்.