காணாமல் போன கோப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

கல்லூரி மாணவர்களுக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுப்பவன் நான். சில மாதங்களுக்கு முன் முதலாண்டு மாணவி ஒருத்தி மடிக்கணினியோடு என்னிடம் வந்தாள். இரண்டு எண்களைக் கூட்டிச் சொல்லும் சிறு நிரலை சி மொழியில் எழுதியிருந்தாள். எழுதிய நிரலைக் கணினி ஓட்டக்கூடிய கோப்பாக மாற்றும் கம்பைலர் ஒரு பிழையும் காட்டவில்லை. ஆனால், அது உருவாக்கிய இஎக்ஸ்இ கோப்பு சில நொடிகளில் மறைந்துபோனது. மூன்று முறை முயன்றும் அதே கதை. "சார், தெரியாமல் வைரஸ் எழுதிவிட்டேனா?" என்று கேட்டபோது அவள் கண்கள் கலங்கியிருந்தன.

அவள் எழுதியதில் ஒரு தவறும் இல்லை. கோப்பை எடுத்துப் பூட்டி வைத்தது கணினியிலிருந்த ஆன்டிவைரஸ்.

ஏன் பூட்டுகிறது? தெரிந்த வைரஸ்களின் அடையாளங்களோடு ஒப்பிடுவது அதன் பழைய வேலை. இன்று, ஒரு கோப்பு எத்தனை கணினிகளில் காணப்பட்டிருக்கிறது, அதை வெளியிட்டவர் யார் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் அதில் இருக்கிறதா என்றெல்லாமும் பார்க்கிறது. நம் கையால் இப்போதுதான் கம்பைல் செய்த கோப்பை உலகில் வேறெந்தக் கணினியும் கண்டதில்லை. கையொப்பமும் கிடையாது. முன்பின் தெரியாத ஆள் இரவில் தெருவுக்குள் வந்தால் காவல்காரர் நிறுத்தி விசாரிப்பார் அல்லவா? நிரல் எழுதுகிறவர் ஒரு நாளில் ஐம்பது முறை அப்படிப்பட்ட புதிய ஆளை உருவாக்குகிறார்.

கோ என்ற நிரல் மொழியை வளர்ப்பவர்கள், தங்கள் அதிகாரபூர்வக் கேள்வி பதில் தொகுப்பிலேயே இதற்கு விடை எழுதி வைத்திருக்கிறார்கள்: விண்டோஸில் இது அடிக்கடி நடப்பது, அநேகமாக எப்போதும் பொய் எச்சரிக்கைதான் என்று. பைத்தான் மொழியில் எழுதிய நிரலை ஒரே கோப்பாகக் கட்டித்தரும் பைஇன்ஸ்டாலர் என்ற கருவிக்கும் இதே தொல்லை உண்டு. தீய நிரல் எழுதுவோரும் அதைப் பயன்படுத்துவதால், நல்ல நிரலுக்கும் அதே முகச்சாயல் வந்துவிடுகிறது.

கோப்பு மறைவதையாவது கண்டுபிடித்துவிடலாம். என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. கம்பைலர் ஒரு கோப்பை எழுதி மூடியதும் ஆன்டிவைரஸ் அதைத் திறந்து சோதிக்கிறது. அந்த நொடியில் வேறொரு கருவி அதே கோப்பைப் பெயர் மாற்றவோ அழிக்கவோ முயன்றால், அனுமதி இல்லை என்ற பிழை வருகிறது. மறுமுறை ஓட்டினால் சரியாகிவிடுகிறது. வந்து வந்து போகும் இந்தப் பிழையைப் பார்த்து, தனக்கு இந்தத் துறை வராது என்று ஒதுங்க நினைத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட் ஜேஎஸ் போன்றவற்றில் ஒரே திட்டத்துக்குள் பல்லாயிரம் சிறு கோப்புகள் இருக்கும்; ஒவ்வொன்றுக்கும் சோதனை என்றால் வேலை நத்தையாகிவிடும்.

"ஆன்டிவைரஸை அணைத்துவிடு" என்று நண்பர்கள் சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். 2009ஆம் ஆண்டு இன்டக் என்ற வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. அது டெல்பி என்ற நிரல் எழுதும் கருவி இருக்கும் கணினிகளைத் தேடி, எல்லா நிரல்களிலும் சேரும் அதன் நூலகக் கோப்பு ஒன்றுக்குள் புகுந்துகொண்டது. அதன்பின் அந்தக் கணினியில் கம்பைல் செய்த ஒவ்வொரு நிரலும் வைரஸோடுதான் பிறந்தது. எழுதியவர் தம் மூல நிரலை வரி வரியாகப் படித்தாலும் ஒன்றும் தென்பட்டிருக்காது. நேர்மையான நிரலர்களே அறியாமல் வாடிக்கையாளர்களுக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

ஆகவே, பயிற்சிக்கென்று ஒரே ஒரு கோப்புறை வைத்துக்கொண்டு, அதற்கு மட்டும் ஆன்டிவைரஸ் சோதனையிலிருந்து விலக்கு கொடுங்கள். முழு சி டிரைவுக்கும் வேண்டாம். பதிவிறக்கங்கள் வந்து விழும் இடத்துக்கு வேண்டவே வேண்டாம். விண்டோஸ் 11 வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது. நிரல் எழுதுவோருக்கென்று 2023இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த தனிச் சேமிப்பிடமான டெவ் டிரைவ்தான் அது; அதற்குக் குறைந்தது 50 ஜிபி இடம் ஒதுக்க வேண்டும். அங்கே விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் கோப்பைத் திறக்கவிட்டுப் பிறகு சோதிக்கிறது. வேகமும் கிடைக்கும், காவலும் விலகாது. நான் இதையே பரிந்துரைக்கிறேன்.

அந்த மாணவிக்கு அன்று ஒரு கோப்புறையை ஒதுக்கிக் கொடுத்தேன். நிரல் ஓடியது, கூட்டுத்தொகை திரையில் வந்தது. மறுநாள் மீண்டும் வந்தாள். தோழிக்கு அனுப்பிய கோப்பு அங்கே போனதும் மறைந்துவிட்டதாம். இம்முறை அவள் முகத்தில் பயம் இல்லை. "மூல நிரலையே அனுப்பிவிடட்டுமா சார்? அவளே கம்பைல் செய்துகொள்வாள்" என்றாள். அனுப்பச் சொன்னேன், அப்படியே தோழிக்கும் ஒரு கோப்புறை ஒதுக்கக் கற்றுக்கொடுக்கச் சொன்னேன்.

நன்றி, வணக்கம்.